வெந்நீர்க் குளமும் பன்னிரண்டு மெரூன் டீ-ஷர்ட்டும்

டூர் மேனேஜர் என்றால் ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது தலை எண்ணுகிற வேலை. பஸ் ஏறும்போது எண்ண வேண்டும், இறங்கும்போது எண்ண வேண்டும், பாத்ரூம் போய்த் திரும்பினால் மறுபடியும் எண்ண வேண்டும். கல்யாண வீட்டு பஸ்ஸுக்குப் பொறுப்பேற்ற தாய்மாமன்களுக்கும், பொருட்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போன டீச்சர்களுக்கும் நான் படுகிற பாடு தெரியும். நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி.

ஆனால் உங்களைவிட எனக்கு ஒரு கஷ்டம் அதிகம். நான் எண்ணுவது திருப்பூர் முதலாளிகளின் தலைகளை. அவர்கள் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. எங்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து திருப்பூர் மண்ணரையில் குடியேறியது. நான் ஒரு பனியன் கம்பெனியில் ஒன்பது வருஷம் மெர்ச்சண்டைசராக, வெளிநாட்டு பையருக்கும் தையல் லைனுக்கும் நடுவில் ஓடினேன். ஓடுவது என்று ஆகிவிட்டது, ஊரைப் பார்த்துக்கொண்டாவது ஓடலாமே என்றுதான் இந்த வேலைக்கு வந்தேன்.

போன வருஷம் பன்னிரண்டு பேரைப் பெரு நாட்டுக்குக் கூட்டிப்போனேன். ஆண்டீஸ் மலை, வெந்நீர் ஊற்று, ஒரு நாள் மலை நடை என்று நோட்டீஸில் போட்டிருந்தது. நோட்டீஸை எழுதியவளும் நான்தான். அதுவரை நான் ஏறியிருந்த பெரிய மலை ஊட்டி, அதுவும் பஸ்ஸில்.

விசாரிக்க வந்தவர்

அந்த நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மத்தியானம் ருக்மணி அக்கா எங்கள் ஆபீசுக்குத் தனியாக வந்தார். ஐம்பத்திரண்டு வயது. கணவர் சென்னியப்பன் சாயப்பட்டறை வைத்திருக்கிறார். சாயம் ஏறி வரும் துணியை மேஜையில் விரித்து, திட்டு இருக்கிறதா, ஷேடு சரியா என்று பார்த்து அனுப்பும் செக்கிங் வேலை இருபத்தொன்பது வருஷமாக அக்கா பொறுப்பில். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, தான் போன ஊர்களை வரிசையாகச் சொன்னார். கொடைக்கானலில் படகுக்கு வரிசையில் நின்றார்கள். பாய்லர் ரிப்பேர் என்று போன் வந்தது, திரும்பிவிட்டார்கள். கன்னியாகுமரிக்குச் சாயந்திரம் போய்ச் சேர்ந்து, சூரியன் உதிக்கும் முன்னால் திரும்பிவிட்டார்கள். மைசூர் அரண்மனைக்கு டிக்கெட்டே வாங்கியாயிற்று. ஷேடு ரிஜெக்ட் ஆகிவிட்டது என்று போன். ஆலப்புழையில் ஒரு கால் படகில் இருந்ததாம். சென்னியப்பன் அண்ணன் கெட்டவர் இல்லை. அவர் உடம்பு எங்கே இருந்தாலும் மனசு பட்டறையில் இருக்கும், அவ்வளவுதான்.

நோட்டீஸில் மலைக்கணவாய் ஒன்றின் படம் இருந்தது. இரண்டு சிகரங்களுக்கு நடுவே ஒரு கற்குவியல், அதற்கு அந்தப் பக்கம் வெறும் ஆகாயம். அக்கா அதன் மேல் விரலை வைத்தார். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது தாண்டிப் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு மாதமாகப் பட்டறையின் நாலு மாடிப் படியை, முதுகுப் பையில் மூன்று நூல் கோனைப் போட்டுக்கொண்டு ஏறி இறங்குகிறாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. கடைசியாக ஒன்று கேட்டார்.

“இதுல நெசமாலுமே நடக்கறதுங்களா கண்ணு, இல்ல வண்டியில கொண்டுபோயி நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துட்டுத் திருப்பிருவீங்களா?”

இரண்டு விரல்

மூன்று விமானம் மாறி லிமா போய்ச் சேர்ந்தோம். பாஸ்போர்ட் வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர், ஆறரை அடி இருப்பார். அவருக்குப் பின்னால் நின்றவர் கந்தசாமி அண்ணன். துணி பின்னும் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். சென்னியப்பனோடு பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகம். எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. எதிரே எந்தத் துணி தென்பட்டாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்து, கனம் இவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். கல்யாண மேடையில் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கும் சாக்கில் சட்டைக் கையைத் தேய்த்துப் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கந்தசாமி அண்ணனின் கையும் தன்னை அறியாமல் நீண்டு, வெள்ளைக்காரரின் டீ-ஷர்ட் ஓரத்தைப் பிடித்துவிட்டது.

அந்த மனிதர் திரும்பினார். எனக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்து போய், இவர் துணி நிபுணர், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை என்று இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டேன். நல்ல மனிதர், சிரித்துவிட்டு, அப்படியானால் என் டீ-ஷர்ட் எப்படி என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“நூத்தி அறுவது ஜிஎஸ்எம்முன்னு சொல்லி நூத்தி நாப்பதக் குடுத்திருக்கறாங்க. எங்க வாங்குனாருன்னு கேளு அம்மிணி, நமக்குத் தெரிஞ்ச பார்ட்டியாத்தான் இருக்கும்.”

எண்பத்தைந்து

குஸ்கோ நகரம் பதினோராயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. எங்கள் வழிகாட்டி வில்பர், அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். முதல் நாள் யாரும் எதுவும் செய்யக் கூடாது, கோகா இலை டீயைக் குடித்துவிட்டுப் படுத்திருங்கள், காற்று பழகட்டும் என்றார். அதைத் தமிழில் சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு மணி நேரம் கழித்து எண்ணினேன். நாலு தலை குறைந்தது. வில்பர் தேடிப் போய்க் கூட்டிவந்தார். சென்னியப்பன் தலைமையில் நாலு பேரும் கம்பளி நூல் விற்கிற சந்தையைக் கண்டுபிடித்து, மூச்சு வாங்க வாங்க விலை விசாரித்துக்கொண்டிருந்தார்களாம்.

வில்பருக்குக் கோபம். எல்லாரையும் உட்காரவைத்து, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை ஒவ்வொருவருக்கும் போட்டார். ருக்மணி அக்காவுக்குத் தொண்ணூற்றொன்று. எனக்கு எண்பத்தெட்டு. கந்தசாமி அண்ணனுக்கு எண்பத்தைந்து. இதைவிடக் குறைந்தால் யோசிக்க வேண்டிவரும் என்று வில்பர் சொல்ல, நான் கவலையான முகத்தோடு மொழிபெயர்த்தேன். கந்தசாமி அண்ணன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

“எங்கூர்ல தையல் லைனு எண்பத்தஞ்சு பர்சென்ட் ஓடுச்சுன்னா எல்லாத்துக்கும் ஸ்வீட் வாங்கிக் குடுப்பமுங்க.”

பூச்சிச் சாயம்

மூன்றாம் நாள் காலையில் வெந்நீர் ஊற்றுக்குப் புறப்பட்டோம். வழியில் ஒரு கிராமத்தில் பெண்கள் கம்பளிக்குச் சாயம் போடுவதைக் காட்ட வில்பர் வேனை நிறுத்தினார். கள்ளிச் செடியில் ஒட்டியிருக்கும் ஒரு சின்னப் பூச்சியை ஓர் அம்மாள் உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். கை ரத்தச் சிவப்பானது. அதில் எலுமிச்சம்பழம் பிழிந்தார், வேறு சிவப்பு. உப்பு மாதிரி ஏதோ போட்டார், ஊதா. எங்கள் பன்னிரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். முப்பது வருஷமாகச் சாயம் போடுகிற சென்னியப்பன் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சம்பந்தி வீட்டுச் சமையலைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அவர் அன்று ஜம்மென்று இருந்தார். டூருக்காகத் தன் பட்டறையில் சாயம் போட்ட துணியில் எல்லாருக்கும் மெரூன் நிறத்தில் டீ-ஷர்ட் தைத்துக் கொண்டுவந்திருந்தார். முதுகில் ‘திருப்பூர் டு ஆண்டீஸ்’. வெந்நீர்க் குளத்தில் அதைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த அம்மாள் ஆசையாக நீட்டிய நூல்கண்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா சுடுதண்ணியில போட்டா நிக்காது.”

குளம்

வெந்நீர்க் குளம் ஒரு பள்ளத்தாக்கின் அடியில், கல் கட்டி அழகாக இருந்தது. ஆவி எழுந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் குனிந்து கையை விட்டு, நாற்பத்திரண்டு டிகிரி என்றார். சுவரில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்தேன், நாற்பத்திரண்டுதான். எல்லாரும் மெரூன் டீ-ஷர்ட்டோடு இறங்கினார்கள். போட்டோ முடிந்தது. சென்னியப்பன் போனை லாக்கரில் வைத்துவிட்டுக் கழுத்துவரை தண்ணீரில் அமிழ்ந்து கண்ணை மூடினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம், மூன்று நிமிஷம், ஏழு நிமிஷம். ருக்மணி அக்கா என்னைத் தொட்டுக் கண்ணால் காட்டினார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் இப்படிச் சும்மா உட்கார்ந்து பார்த்ததே இல்லை என்று என் காதில் சொன்னார்.

எட்டாவது நிமிஷம் கந்தசாமி அண்ணனைச் சுற்றித் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. பிறகு எல்லாரையும் சுற்றி. பிறகு குளம் முழுவதும் மெரூன். எதிர்ப்பக்கம் குளித்துக்கொண்டிருந்த உள்ளூர்க் குடும்பம் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று பதறி எழுந்தது. ஒரு வயதான அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். காவலர் விசில் ஊதினார். எங்களை வெளியேற்றிவிட்டு அடைப்பைத் திறந்தார்கள். சிவப்புத் தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியே, செம்மறியாடுகள் மேய்கிற ஓடையை நோக்கிப் போயிற்று. நான் எதிர்பார்த்தது கேலியும் சிரிப்பும். எல்லாரும் அந்த வாய்க்காலையே பார்த்தார்கள். நிறம் மாறி ஓடுகிற தண்ணீர் என்றால் என்னவென்று அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தெரியும். பிரஷ்ஷை வாங்கிக் குளத்தைத் தேய்த்துக் கழுவிக்கொடுத்தார்கள். முதலில் இறங்கித் தேய்த்தவர் சென்னியப்பன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர்களை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. கந்தசாமி அண்ணன் ஓடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நம்மூரு ஆத்தப் பண்ணுனது பத்தாதுன்னு மூணு ஏரோப்ளேன் மாறி வந்து இதையும் பண்ணிப்போட்டமேப்பா.”

இரண்டு சீட்

தேய்த்து முடித்ததும்தான் சென்னியப்பனுக்கு முகம் வெளுத்தது. சாயம் ஏறிய துணியைக் கடைசியில் கொதிக்கிற சோப்புத் தண்ணீரில் அலசி, ஒட்டாத சாயத்தையெல்லாம் வெளியேற்ற வேண்டும். அதற்கு சோப்பிங் என்று பேர். டூர் அவசரத்தில் அதைச் சரியாக விடவில்லை போலிருக்கிறது. டீ-ஷர்ட் போனால் போகட்டும். ஆனால் அந்தத் துணி ஒரு பெரிய ஆர்டரின் லாட்டிலிருந்து எடுத்தது. ஒன்றரை டன். மறுநாள் காலை கட்டிங்குக்குப் போகிறது. வெட்டித் தைத்துக் கப்பல் ஏறிய பிறகு சாயம் போனால், முப்பது வருஷப் பேர் போய்விடும். உடனே ஊருக்குப் போக வேண்டும், இரண்டு பேருக்கும் டிக்கெட்டை மாற்று அம்மிணி என்றார்.

அக்கா ஈர டீ-ஷர்ட்டைப் பிழிந்துகொண்டிருந்தார். மறுநாள்தான் கணவாய் ஏறும் நாள். ஆபீஸ் அறையில் இருந்த வைஃபையில் நான் தேடினேன். மறுநாள் காலை விமானத்தில் சரியாக இரண்டு சீட் இருந்தது. சீட் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். ஆனால் ஒன்றரை டன் துணியின் மேல் பொய் சொல்ல மனசு வரவில்லை. இரண்டு இருக்கிறது அண்ணா என்றேன்.

அக்கா பிழிவதை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு கணவரின் போனை வாங்கி, அதே வைஃபையில் பட்டறையில் சாயம் போடும் மாஸ்டரை அழைத்தார். அங்கே இரவு ஷிஃப்ட் ஏறியிருந்த நேரம். லாட் இன்னும் வண்டி ஏறவில்லை என்று தெரிந்துகொண்டார். அனுப்பாதே, திரும்ப மெஷினில் ஏற்று, தொண்ணூற்றைந்து டிகிரியில் இரண்டு சோப்பிங் விடு, வெள்ளைத் துணியோடு சேர்த்து அலசிப் பார், வெள்ளை வெள்ளையாகவே வந்தால் மட்டும் காயப்போடு, இல்லாவிட்டால் மூன்றாவதும் விடு, ஆனதும் மெசேஜ் போடு என்றார். மொத்தம் நாலு நிமிஷம். இருபத்தொன்பது வருஷமாகப் பட்டறையின் எல்லாத் தப்பும் வந்து சேர்வது அவர் மேஜைக்குத்தானே. போனைத் திருப்பிக் கொடுத்தபோது, இருந்தாலும் நாம் நேரில் இருந்தால்தான் சரிப்படும் என்று சென்னியப்பன் ஆரம்பித்தார். அக்கா என்னிடம் திரும்பி, மாற்றுவதானால் ஒரு டிக்கெட்டை மாற்று, நான் வரவில்லை என்றார். அண்ணன் தன் காதில் விழுந்தது சரிதானா என்று என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அக்கா அவரிடம் கொஞ்சம் தணிவாகவே கேட்டார்.

“நீங்க போயி என்னங்க பண்ணப்போறீங்க? கழுவப்போறது மெசினுதானுங்களே.”

டவர்

அவர் போகவில்லை. ஆனால் இருந்தார் என்றும் சொல்ல முடியாது. மறுநாள் ஆறு பேர் நடப்பதாகவும், மற்ற ஆறு பேர் வேனில் சுற்றிவந்து மலைக்கு அந்தப் பக்கம் உள்ள இன்னொரு வெந்நீர்க் குளத்தில் காத்திருப்பதாகவும் ஏற்பாடு. சென்னியப்பன் வேன் கோஷ்டி. நாங்கள் ராத்திரி தங்கிய பள்ளத்தாக்கில் வைஃபையும் இல்லை, டவரும் கிடைக்காது, கணவாய் உச்சியில் டவர் கிடைக்கும் என்று வில்பர் பேச்சுவாக்கில் சொன்னார். அண்ணன் உடனே நடக்கிற கோஷ்டிக்கு மாறிவிட்டார்; அவருக்குப் பதில் வேறொருவர் சந்தோஷமாக வேனில் ஏறினார். அக்கா அடிமேல் அடி வைத்து, ஒரே சீராக ஏறினார். அண்ணன் விறுவிறுவென்று ஐம்பது அடி ஓடுவார், நிற்பார், போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்ப்பார், மறுபடி ஓடுவார். மெதுவாக, மெதுவாக என்று வில்பர் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போனார்.

உச்சிக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது அண்ணன் ஒரு பாறையில் உட்கார்ந்தார். தலை வெடிக்கிறது என்றார். வாந்தி எடுத்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. வில்பர் விரலில் கருவியை மாட்டினார், எழுபத்திரண்டு. இந்தத் தடவை கந்தசாமி அண்ணன் ஜோக் அடிக்கவில்லை. உடனே கீழே இறங்க வேண்டும், இறங்கினால் சரியாகிவிடும் என்றார் வில்பர். எங்களோடு ஒரு குதிரையும் வந்திருந்தது, இந்த மாதிரி நேரத்துக்காக. குதிரைக்காரரும் வில்பரின் உதவியாளும் அவரை ரோட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வண்டியில் அந்தப் பக்கத்துக் குளத்துக்குச் சேர்த்துவிடுவார்கள்.

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். நானும்தான் பார்த்தேன், அதற்காக இன்றும் எனக்கு என் மேல் வருத்தம் உண்டு. அவர் யாரையும் பார்க்கவில்லை. கணவரின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, கீழே போகும் பாதையைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார். மேலே ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கொடைக்கானலும் கன்னியாகுமரியும் மைசூரும் எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு அப்போது முழுசாகத் தெரிந்தது. ஆத்திரமாக வந்தது. உடம்புக்கு முடியாத மனுஷன் மேலே கோபப்பட்டு என்ன செய்ய? கந்தசாமி அண்ணன்தான் வாயைத் திறந்தார். காலையிலிருந்து தன் முழங்கால் கெஞ்சிக்கொண்டிருக்கிறது, சென்னியப்பனோடு தானே போகிறேன், இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது என்றார். அக்கா நகரவில்லை. குதிரை மேல் ஏறி உட்கார்ந்த சென்னியப்பன் கையை நீட்டினார். அக்காவின் தோளிலிருந்த தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். சட்டைப் பையில் இருந்த போனை எடுத்து அவர் கையில் திணித்தார்.

“நான் பாத்துக்கறேன் போ. நீ மேல போயி டவர் கெடைக்குதான்னு பாரு. மாஸ்டர் மெசேஜ் போட்டிருப்பான்.”

உச்சியில்

அக்கா, இன்னும் மூன்று பேர், வில்பர், நான். கடைசி ஒரு மணி நேரத்தை நான் நடந்தேன் என்று சொல்வது பொய். பத்தடிக்கு ஒரு தடவை நின்றேன். பன்னிரண்டு பேரில் ஆறு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் குதிரையோடு, மூன்று பேர் இங்கே, இன்னும் ஒருவர் எங்கே என்று கணக்குப் போட்டுத் திடுக்கிட்டு, பத்தடி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. அக்கா ஒன்றும் கேட்காமல் என் பையை வாங்கித் தன் முன்பக்கம் மாட்டிக்கொண்டார். முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பை. கஸ்டமர் மேனேஜரின் பையைத் தூக்குவது எந்த டூர் கம்பெனியிலும் அனுமதி இல்லாத விஷயம், நான் தடுக்கவில்லை.

பதினாலாயிரம் அடிக்கு மேலே கற்குவியல் வந்தது. ஆளைத் தள்ளுகிற காற்று. அந்தப் பக்கம் பனிமலை ஒன்று சுவர் மாதிரி நின்றது. அதன் காலடியில் ஒரு ஏரி. பச்சையா நீலமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆயிரம் ஷேடு பார்த்த அக்காவும் அதற்குப் பேர் சொல்ல முயலவில்லை. அப்போது அவர் ஜாக்கெட்டுக்குள் போன் அதிர்ந்தது. டவர் வந்துவிட்டது. ஒன்றன் பின் ஒன்றாக மெசேஜ் விழுகிற சத்தம். அக்கா, மாஸ்டராக இருக்கும் என்றேன். அவர் உள்ளே கையை விட்டுச் சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். வில்பர் எல்லாருக்கும் பத்து நிமிஷம் கொடுப்பவர். அன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அண்ணன் கீழே சேர்ந்தாரோ, மூச்சு சரியானதோ, லாட் என்ன ஆனதோ என்று ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்து அக்கா தானாக எழுந்தார். போலாம் கண்ணு என்றார்.

இறங்கிக் குளத்தை அடைந்தபோது மணி நாலரை. சென்னியப்பன் அண்ணன் தண்ணீரில் இருந்தார். உதட்டுக்கு நிறம் வந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் இடுப்புவரை எழுந்து, மாஸ்டர் என்ன சொன்னான் என்று அங்கிருந்தே கேட்டார். அக்கா முதலில் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஜாக்கெட்டிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

“நான் பாக்கலீங்க. மேல பாக்கறதுக்கு வேற இருந்துச்சு.”

வெள்ளை வெள்ளையாகவே வந்துவிட்டது என்ற மாஸ்டரின் மெசேஜ் ஐந்து மணி நேரம் யாரும் படிக்காமல் கிடந்தும், திருப்பூரில் ஒரு மெஷின்கூட நின்றுவிடவில்லை என்பதை ஊருக்கு வந்ததும் நானே நேரில் போய் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.